பத்து நிமிஷம் வெச்சுப் பாக்கலாம்

அந்த அம்மாளை நான் நான்கு முறை பார்த்திருக்கிறேன். மூன்று முறை மாமல்லபுரத்தில் அவருடைய கடையில், ஒரு முறை திருக்கழுக்குன்றத்தில் என் வீட்டில். எல்லாம் சேர்த்தால் ஆறு மணி நேரம் இருக்கும். பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. பேருந்து நிலையத்துப் பக்கம் இளநீர் விற்கிறவர் 'தட்டுக்கார அக்கா' என்றார். கடைக்குப் பலகை இல்லை.

ஒரு லாட்ஜின் மாடிப்படிக்கு அடியில் இருந்த இடம்தான் கடை. அகலம் மூன்றரை அடி. உள்ளே போகப் போகக் கூரை இறங்கிக்கொண்டே போகும். அவர் கடைசிப் படிக்கு அடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். எழுந்திருக்கும்போது தலையை இடது பக்கம் சாய்த்துக்கொள்வார். வெளியே வந்து வெயிலில் நின்றாலும் அந்தச் சாய்வு கொஞ்சம் மிச்சமிருக்கும். காதில் பென்சில். பெரும்பாலும் விற்றது ஒரே பொருள். கம்பியைச் செருகாமல், போனை மேலே வைத்தாலே சார்ஜ் ஏற்றும் வட்டத் தட்டுகள். ஒன்பது வகை வைத்திருந்தார்.

அந்த ஊரில் அதற்குத் தேவை உண்டு. கடல் காற்றில் போனின் சார்ஜ் ஓட்டை பச்சை பூத்துவிடும். படகுக்காரர்கள், கரையில் நின்று சுற்றுலாக்காரர்களைப் படம் எடுத்துக் கொடுக்கிறவர்கள், விடுதிக்காரர்கள் எல்லோரும் அந்த ஓட்டையால் அவதிப்படுகிறவர்கள்.

எனக்குத் தேவை வேறு. என் மனைவிக்கு இதயத் துடிப்பு குறைந்துபோய், செங்கல்பட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் இடது தோளுக்குக் கீழே பேஸ்மேக்கர் வைத்தார்கள். தோலுக்கு அடியில் தீப்பெட்டி அளவு ஒரு மேடு தெரியும். மதியம் படுத்துக்கொண்டு போனில் சொற்பொழிவு கேட்பாள். வெளியூரில் இருக்கும் மகன் அதில்தான் பேசுவான். நான் வெளியே போயிருக்கும்போது அவளுக்கு ஏதாவது என்றால் என்னைக் கூப்பிட வேண்டியதும் அதில்தான். ஆனால் விரல் மூட்டுகள் வீங்கியிருந்ததால் கம்பியின் முனையை அந்தச் சின்ன ஓட்டையில் செருக அவளால் முடியவில்லை. சொல்லவும் மாட்டாள். மூன்று முறை நான் கூப்பிட்டபோது போன் செத்துக் கிடந்தது. மூன்றாவது முறை கல்பாக்கத்திலிருந்து ஆட்டோ பிடித்து ஓடிவந்தேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

நல்லவேளையாக, மகன் வாங்கிக் கொடுத்திருந்த போன் தட்டில் வைத்தால் ஏறும் வகை. சாதாரணத் தட்டு ஒன்று வாங்கினோம். அதில் ஒரு விரல் அகலம் தள்ளி வைத்தால் ஏறாது. அவள் பத்துக்கு நான்கு தடவை தள்ளித்தான் வைத்தாள். காந்தத் தட்டு வாங்குங்கள், அதுவே போனை இழுத்துச் சரியான இடத்தில் ஒட்டிக்கொள்ளும் என்று சொன்னார்கள். எங்கள் ஊரில் நான்கு கடைகளில் விசாரித்தேன். நான்கு விதமாகச் சொன்னார்கள். ஐந்தாவதாகத்தான் மாமல்லபுரம் போனேன்.

அந்த அம்மாள் போனை வாங்கித் திரையைப் பார்த்தார். தொண்ணூற்றிரண்டு காட்டியது. திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"எம்பதுக்கு மேல போன் சோம்பேறி ஆயிடும் சார். எந்தத் தட்டுல வெச்சாலும் மெதுவாதான் குடிக்கும். அம்பதுக்குக் கீழ எறக்கிக்கினு வாங்க."

எப்படி இறக்குவது என்று கேட்டேன். கடற்கரைக்குப் போய் வீடியோ பார்க்கச் சொன்னார். எழுபது வயதில், பன்னிரண்டு மணி வெயிலில், கடற்கரைக் கோயில் பக்கம் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, யாரோ பரோட்டா போடுவதையும் யாரோ மாடு பிடிப்பதையும் இரண்டரை மணி நேரம் பார்த்தேன். நாற்பத்தொன்பது வந்ததும் எழுந்து போனேன்.

சோதனைக்கு அவர் வைத்திருந்த ஒழுங்கு இது. முதலில் ஃபேனை நிறுத்துவார். காற்று பட்டால் தட்டு குளிர்ந்து கொஞ்சம் அதிகம் ஏற்றும், வீட்டில் அப்படி ஏற்றாது, அது ஏமாற்று என்பார். போனின் உறையைக் கழற்றமாட்டார், வீட்டில் யாரும் கழற்றி வைப்பதில்லை என்பதால். பிறகு தட்டில் வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடமும் அந்த மூன்றரை அடிக்குள் நாம் வியர்த்துக்கொண்டு நிற்க வேண்டும். முடிந்ததும் எத்தனை ஏறியது என்று பென்சிலால் அட்டைப்பெட்டியின் மேல் எழுதுவார். நோட்டிலும் எழுதுவார்.

வந்தவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான், "எது நல்லதுக்கா?" அதற்கு அவர் பதில் சொல்லி நான் கேட்டதில்லை. போனைத் தட்டில் வைப்பார். காந்தம் டக்கென்று பிடிக்கும். வந்தவர் முகத்தில் ஒரு திருப்தி வரும். உடனே, "ஒட்டுது. ஏறுதா பாக்கலாம்," என்று ஃபேனை நிறுத்திவிடுவார்.

பெட்டிகளின் மேல் போட்டிருக்கும் ஆங்கிலப் பெயர்களை அவர் சொல்வதில்லை. எல்லாவற்றையும் நான்காகப் பிரித்து வைத்திருந்தார். காந்தமே இல்லாதது பழைய தட்டு. எல்லாக் கம்பெனிப் போனுக்கும் ஏற்றும், மெதுவாக, நாம்தான் சரியாக வைக்க வேண்டும். ஒரு பெரிய கம்பெனி தன் போன்களுக்கென்று முதலில் காந்தம் வைத்துக் கொண்டுவந்தது கம்பெனித் தட்டு. அந்தப் போன்களுக்கு ஓடிப்போய் ஏற்றும், மற்றவர்களுக்கு அரைமனதோடு. பிறகு எல்லாக் கம்பெனிகளும் கூடி, அதே காந்த அமைப்பை எல்லோருக்குமாக எடுத்துக்கொண்டு, பெட்டியில் ஒரு முத்திரையும் இரண்டு என்ற எண்ணும் போட்டது பொதுத் தட்டு. முத்திரை தட்டிலும் இருந்து போனிலும் இருந்தால் முழு வேகம். நான்காவது, முத்திரை இல்லாமல் காந்தம் மட்டும் வைத்து, பெட்டியில் காந்தம் என்று பெரிதாகப் போட்டிருப்பது. அதற்கு வேஷத் தட்டு என்று பெயர். நன்றாக ஒட்டும். பழைய தட்டு மாதிரிதான் ஏற்றும். அதையும் விற்றார். பெட்டியின் மேல் பென்சிலால் 'வேஷம்' என்று எழுதி விற்றார்.

எனக்கு இந்த நான்கு பிரிவு பிடித்திருந்தது. கல்பாக்கத்தில் ஓர் அலுவலகக் கிடங்கில் முப்பத்தொரு வருடம் சாமான்களைப் பிரித்து அடுக்கி எண்ணியவன் நான். இப்படிப் பிரித்து வைக்கத் தெரிந்தவர்களை அங்கேயே இரண்டு பேரைத்தான் பார்த்தேன்.

அன்று அவர் ஐந்து தட்டுகளில் என் போனை வைத்துப் பார்த்தார். அந்தப் போனுக்குள் காந்தம் இல்லாததால் உறையின் பின்னால் ஒரு வளையம் ஒட்ட வேண்டும், அதற்கும் பொதுத் தட்டுக்கும்தான் பொருந்திவரும் என்று முடிவானது. சரியான அளவு வளையம் வர ஒரு வாரம் ஆகும் என்றார். போனின் நீளம் அகலத்தை ஸ்கேல் வைத்து அளந்து நோட்டில் எழுதிக்கொண்டார். நடுவில் போனின் மேல்பக்கம், காதுக்கு ஒலி வரும் சின்னத் துளையில் எதுவோ அடைத்திருந்ததை மெல்லிய பிரஷ்ஷால் தட்டி எடுத்தார். சிவப்பாகக் கொஞ்சம் தூள் விழுந்தது. ஊதிவிட்டார். நான் அதைக் கவனித்தேன், ஒன்றும் நினைக்கவில்லை.

அவரைப் பற்றி இளநீர்க்காரர் ஒரு கதை சொன்னார். ஐந்து ரதத்துப் பக்கம் படம் எடுத்துக் கொடுக்கும் ஓர் ஆள், போனின் முதுகில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் பவர் பேங்க் ஒன்றை அவரிடம் வாங்கியிருக்கிறான். நடந்துகொண்டே வேலை செய்தாலும் கழலாது என்று சொல்லி விற்றிருக்கிறார். அன்று சாயங்காலமே அவருக்குச் சந்தேகம் வந்து, தன் போனில் அதே மாதிரி ஒன்றை ஒட்டிக்கொண்டு அலையோரம் நடந்து பார்த்திருக்கிறார். பையிலிருந்து எடுக்கும்போது நழுவியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கடையைப் பூட்டிக்கொண்டு போய் அந்த ஆளைத் தேடிப் பிடித்து, நான் சொன்னது தப்பு, கழலும் என்றாராம். அவன், "கீழ உழலியேக்கா," என்றிருக்கிறான். "இன்னும் உழல," என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார்.

விடுதி ஒன்றில் எல்லா அறைக்கும் தட்டு கேட்டிருக்கிறார்கள். எந்த நாட்டுப் போன் வந்தாலும் ஏறும் என்று எழுதிக் கொடுங்கள் என்றார்களாம். எந்த நாட்டுப் போனையும் நான் பார்க்கவில்லையே என்று எழுந்து வந்துவிட்டாராம். "அக்கா நல்ல மன்சி," என்றார் இளநீர்க்காரர். "ஆனா பக்கத்துல இருந்தா பேஜாரு. நேத்து சொன்னத இன்னிக்கு வந்து மாத்தும்."

ஒரு வாரம் கழித்து இரண்டாவது முறை போனேன். வளையம் வந்திருந்தது. இரண்டு வகை. ஒன்று வெறும் இரும்பு, தட்டின் காந்தம் அதைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் பிடிப்பு லேசு. இன்னொன்று வளையமே காந்தம், பிடிப்பு கெட்டி, வைத்ததும் தானே நடுவுக்கு வந்து உட்காரும். அவர் நோட்டை எடுத்துக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதங்களை, எறும்பு எழுத்தில் இருப்பதையெல்லாம், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிறவர் அவர். கேள்விகள் அதிலிருந்து வந்தவை. சமையல்கட்டில் வைப்பீர்களா. பக்கத்தில் ஏ.டி.எம். கார்டு வைப்பீர்களா. உறைக்குள் சாமி படத் தகடு இருக்கிறதா. ஒவ்வொரு பதிலையும் எழுதினார். எங்கள் ஊர் வழியாகச் செங்கல்பட்டு போகும் பேருந்து எதிரே வந்து நின்றது. அடுத்தது நாற்பது நிமிடம் கழித்து. பதினோரு கேள்விகள் ஆகியிருந்தன.

பன்னிரண்டாவதாக, "யாரு போனு சார் இது?" என்றார்.

மனைவியுடையது என்று சொன்னால் மனைவியைப் பற்றி இன்னும் எத்தனை கேள்வி வருமோ என்று தோன்றியது. ஓட்டுநர் ஏறி உட்கார்ந்துவிட்டார். என்னுடையது என்றேன்.

"உங்க ஒடம்புல மெஷின் எதுனா வெச்சிக்கீறாங்களா?"

இல்லை என்றேன். அது உண்மை. அவர் எழுதிக்கொண்டு, காந்த வளையத்தை ஒட்டிக் கொடுத்தார். பேருந்தைப் பிடித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் இதை மனைவியிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். பதினோரு கேள்வி கேட்டார், பன்னிரண்டாவதில் உன் போனை என் போன் ஆக்கித் தப்பித்து வந்தேன் என்று. அவளும் சிரித்தாள். தட்டில் போனை வைத்துப் பார்த்தாள். அதுவே நகர்ந்து ஒட்டிக்கொண்டது. எடுத்து மறுபடி வைத்தாள். ஏழு தடவை வைத்தாள். அன்று முதல் போன் ஒரு நாளும் சாகவில்லை.

தினமும் ஒரு தடவை அவள் துடிப்பை எண்ணச் சொல்லியிருந்தார் டாக்டர். மதியம் மூன்று மணிக்கு அவள் படுத்துச் சொற்பொழிவு கேட்கும்போது மணிக்கட்டைப் பிடித்து நான் எண்ணி, நாள்காட்டித் தாளில் குறிப்பேன். அதுவரை அறுபத்தாறு, எழுபது, அறுபத்துமூன்று என்று மாறிக்கொண்டிருந்தது. புதுத் தட்டு வந்த மறுநாள் எண்பத்தைந்து. அடுத்த நாளும் எண்பத்தைந்து. பதினெட்டு நாள் எண்பத்தைந்து. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. இவ்வளவு ஒழுங்கான எண்ணை நான் கிடங்கில்கூடப் பார்த்ததில்லை. உடம்பு நிலைக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன். அவளுக்கு இரண்டு முறை தலை சுற்றியது. மதியத்தில் நெஞ்சுக்குள் யாரோ கதவைத் தட்டுவது போலிருக்கிறது என்றாள். நாள்காட்டியைக் காட்டி, பார், எல்லாம் ஒரே எண் என்று சமாதானம் சொன்னேன். போன் அப்போது எங்கே இருந்தது என்பதை நான் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவள் மார்பின் மேல், இடது பக்கம், காதுக்குக் கிட்டத்தில்.

பத்தொன்பதாம் நாள் மூன்றே கால் மணிக்கு வாசலில் அந்த அம்மாள் நின்றார். தலை சாய்ந்திருந்தது. தோளில் துணிப்பை.

என் விலாசம் அவரிடம் இல்லை, ஊர் மட்டும்தான் தெரியும். பேருந்து நிலையத்தில் ஆட்டோக்காரர்களிடம், எல்லாவற்றையும் எண்ணுகிற ஒரு பெரியவர் என்று கேட்டிருக்கிறார். "மலைப்படிய எண்ணிக்கினே ஏறுவாரே, அந்த அண்ணாத்தயா?" என்று ஒருவர் கொண்டுவந்து விட்டிருக்கிறார்.

உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. "சார், அந்த போனு ஓட்டையில நான் எடுத்தது குங்குமம். ரெண்டு மூணு நாளா அதே நெனப்பா கீது. ஆம்பள போன்ல காதாண்ட குங்குமம் எப்டி வரும்?"

நான் பதில் சொல்வதற்குள் மனைவி கையில் போனோடு அறையிலிருந்து வந்துவிட்டாள். அந்த அம்மாள் அவள் நெற்றியைப் பார்த்தார். பிறகு கழுத்துக்குக் கீழே புடவை ஓரத்தில் தெரிந்த மேட்டைப் பார்த்தார். மெதுவாகப் போனை வாங்கி, வாசலைத் தாண்டிப் போய், தெருக்கோடி வரை எடுத்துக்கொண்டு போகிறவர் மாதிரி நடந்து, காம்பவுண்டுச் சுவரின் மேல் வைத்துவிட்டு வந்தார்.

"அம்மாவுக்கு நாடி புடிச்சுப் பாக்க உங்களுக்குத் தெரியுமா சார்?"

அதை என்னிடம் கேட்டதும் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. நாள்காட்டித் தாளை எடுத்துவந்து காட்டினேன். அவர் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். எண்பத்தைந்து, எண்பத்தைந்து. விரல் மேலே போய், வளையம் ஒட்டிய தேதியில் நின்றது. அதற்கு மேல் அறுபத்தெட்டு, அறுபத்துநாலு.

"இப்ப எண்ணுங்க," என்றார்.

எண்ணினேன். அறுபத்தேழு.

அப்போதுதான் எனக்கும் புரிந்தது. ஆனாலும் பழக்கம் விடவில்லை. போனைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்து இன்னொரு முறை எண்ணிப் பார்த்தால் நிச்சயமாகிவிடும் என்று எழுந்தேன். அந்த அம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடி கெட்டியாக இருந்தது.

"அம்மா மேல வெச்சுப் பாக்காதீங்க சார்."

வாழ்நாளெல்லாம் வைத்துப் பார்த்தே பேசியவர் அப்படிச் சொன்னார்.

வெந்நீர் கேட்டு வாங்கி, டம்ளரை உறையின் வளையத்தின் மேல் இரண்டு நிமிடம் வைத்து, பசை இளகியதும் தையல் நூலை அடியில் விட்டு அறுத்து வளையத்தை எடுத்தார். காந்தத் தட்டையும் பையில் போட்டுக்கொண்டார். உங்களிடம் பழைய தட்டு ஒன்று இருந்ததே என்று கேட்டு வாங்கி, பையிலிருந்து இரண்டு ஐஸ்கிரீம் குச்சிகளை எடுத்தார். போனின் நீள அகலத்துக்கு வீட்டிலேயே வெட்டிக்கொண்டு வந்திருந்தார். தட்டை ஒரு அட்டையில் ஒட்டி, குச்சிகளை மூலை மாதிரி ஒட்டி, போனின் ஓரத்தைச் சுற்றிப் பென்சில் கோடு போட்டார். "குச்சி இடிக்கிற வரிக்கும் தள்ளும்மா. காந்தம் வேணாம்." மனைவி தள்ளிப் பார்த்தாள். ஏறியது. பத்து நிமிடம் நாங்கள் மூவரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நான்தான் ஃபேனை நிறுத்தினேன். நான்கு ஏறியது.

பிறகு அவர் நோட்டை எடுத்தார். என் பக்கத்தைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டார். பன்னிரண்டாவது கேள்வியின் கீழ் 'அவருது' என்று இருந்தது. அவர் ஒரு வரியை அடித்துத் திருத்த வேண்டுமானால் சொன்னவர் வாயால் சொல்ல வேண்டும், அது அவர் வழக்கம். பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார்.

"அன்னிக்கு இன்னா சொன்னீங்க சார்?"

கோபமாகக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. மனைவி கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். பதினெட்டு எண்பத்தைந்துகள் கையில் இருந்தன. அவற்றை எழுதியவனும் நான், போன் என்னுடையது என்றவனும் நான் என்று இரண்டையும் ஒரே மதியத்தில் ஏற்றுக்கொள்ள என்னால் ஆகவில்லை.

"மனைவியுடையது என்றுதான் சொன்னேன். நீங்கள்தான் மாற்றி எழுதிவிட்டீர்கள்," என்றேன்.

அவர் நோட்டைப் பார்த்தார். என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு 'அவருது' என்பதை அடித்து, 'அம்மாவுது' என்று எழுதினார். பக்கத்தில், 'நான் தப்பா எழுதினது' என்று எழுதினார். எழுந்து, என் மனைவியிடம் மன்னித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார். காபிகூடக் குடிக்கவில்லை. மனைவி வாசல் வரை போய் நின்று, அவர் தெரு திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் செங்கல்பட்டில் டாக்டரிடம் போனோம். காந்தம் கிட்டே வந்தால் அந்த மெஷின் தன் வேலையை விட்டுவிட்டு ஒரே வேகத்தில் அடிக்க ஆரம்பித்துவிடுமாம், எடுத்துவிட்டால் பழையபடி ஆகிவிடுமாம். இப்போது ஒரு குறையும் இல்லை, இப்படியே தொடர்ந்திருந்தால் நல்லதில்லை என்றார். கண்டுபிடித்தது யார் என்று கேட்டார். கடைக்காரம்மா என்றாள் மனைவி.

அன்று மூன்று மணிக்கு நான் மணிக்கட்டைப் பிடிக்கப் போனேன். கையைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். இப்போது மகன் அனுப்பிய ஒரு கருவியை விரலில் மாட்டி அவளே பார்த்துக்கொள்கிறாள். எண்ணைக் கேட்டால் சொல்கிறாள்.

இரண்டு வாரம் கழித்து நான்காவது முறை அந்த அம்மாளைப் பார்க்கப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். கடைக்கு வெளியே ஐந்து பேர் நின்றார்கள். உள்ளே அட்டைப்பெட்டிகளின் மேல் இருந்த பென்சில் எண்கள் எல்லாம் அழிக்கப்பட்டிருந்தன. 'வேஷம்' என்பதுகூட இல்லை. ரப்பர் தூள் தரையெல்லாம் கிடந்தது. அவர் ஒரு புது நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

பழைய நோட்டு எங்கே என்று கேட்டேன்.

"ஒரு வரி தப்புன்னா மத்த வரிய எப்டி சார் நம்புறது? கையே தப்பா எழுதுதுன்னா, ஏறினது அஞ்சா எட்டான்னு இன்னா தெரியும்? எல்லாத்தையும் இன்னொரு தபா வெச்சுப் பாத்துடறேன்."

வெளியே நின்ற ஒருவர், "அக்கா, ஒண்ணு குடுக்கா, போவணும்," என்றார். இன்னும் பார்க்கவில்லை, பார்க்காமல் கொடுக்க முடியாது என்றார் அந்த அம்மாள். கேட்டவர் போய்விட்டார். இன்னொருவரும் போனார்.

நான் சொல்ல வேண்டியது அப்போது நாக்கில் இருந்தது. நான் சொன்னது என்ன தெரியுமா? ஒன்பது தட்டு, இருபது வகைப் போன், நூற்றெண்பது சோதனை, ஒரு நாளைக்கு எட்டு என்றால் இருபத்துமூன்று நாளில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டுச் சொன்னேன். அவர் அதைப் புது நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டார். எழுதியதை என் பக்கம் திருப்பி, "சரியா எழுதிக்கீறனா, பாருங்க சார்," என்றார். சரியாக இருந்தது என்றேன்.

அடுத்த முறை போனபோது கடை பூட்டியிருந்தது. அந்த மூன்றரை அடியில் யாரோ காலி இளநீர்க் கோம்பைகளைக் குவித்திருந்தார்கள். பத்து நிமிடம் நிற்கிற ஆள் இப்போது யார் சார் இருக்கிறார்கள் என்றார் இளநீர்க்காரர். தட்டுகளை எல்லாம் செங்கல்பட்டுக் கடை ஒன்றில் கொடுத்துவிட்டு மதுராந்தகத்தில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாராம். தெருவையும் சொன்னார். நான் கேட்காமலே வீட்டு அடையாளமும் சொன்னார். பச்சை கேட், எதிரே மாவு மில்.

அவர் என்னைத் தேடி வந்தபோது அவரிடம் இருந்தது ஒரு சிட்டிகைக் குங்குமம். என்னிடம் தெரு, கேட், மாவு மில் எல்லாம் இருந்தன. ஐந்து மாதமாக இருந்தன.

போன வாரம் காலையில் மனைவி போனைத் தட்டிலிருந்து எடுத்து என் சட்டைப் பையில் போட்டாள். நூறு காட்டியது. எதற்கு என்றேன்.

"போன் உங்களோடதுதானே? எடுத்துக்கிட்டு மதுராந்தகம் போய்ட்டு வாங்க. வழி அதிலயே பார்த்துக்கலாம்."

செங்கல்பட்டு போய் மாற வேண்டும். எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் போய் உட்கார்ந்தேன். முதல் பேருந்தில் கூட்டம். இரண்டாவதில் வெயில் பக்கத்து இருக்கைதான் இருந்தது. மூன்றாவதில் எல்லா இருக்கையும் காலியாக இருந்தது. அது கிளம்பும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன். பகல் சாப்பாட்டுக்கு முன்பே வந்தால் தெரிந்துவிடும் என்று, சங்கு தீர்த்தக் குளத்தை இரண்டு சுற்று சுற்றிவிட்டு, ஒரு படிக்கட்டில் உட்கார்ந்திருந்துவிட்டு, மூன்று மணிக்கு மேல் உள்ளே போனேன்.

போனை அவள் கையில் கொடுத்தேன். வாங்கித் திரையைப் பார்த்தாள். தொண்ணூற்றாறு.

"மதுராந்தகம் போய்வர நாலுதான் எறங்குமா?" என்றாள்.

நான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவள் போனை அட்டையின் மேல் வைத்து, வீங்கிய விரல்களால் மெல்ல மெல்லக் குச்சி இடிக்கும் வரை தள்ளினாள். பென்சில் கோடு பாதி அழிந்திருந்தது. விளக்கு எரிகிறதா என்று குனிந்து பார்த்தாள்.

"காலைல நூறு ஆயிடும்," என்றாள்.